இறக்கைகள் இறங்கிய பிறகு: ஏழு நாள் பயணம்

முதல் நாள்: ரோட்டர்டாம்

காற்றாலை இறக்கைக்குள் குழந்தைகள் ஓடுவதை இன்றுதான் பார்த்தேன்.

கயிற்றில் தொங்கியபடி இறக்கைகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. 11 வருஷமாகச் செய்கிறேன். இறக்கையின் உள்பக்கம் எனக்கு நன்றாகப் பழகிய இடம். இறக்கைகள் வந்து பூட்டும் நடுமையமான ஹப் வழியாக உள்ளே நுழைந்தால் முதலில் நிமிர்ந்து நிற்கலாம், அப்புறம் குனிய வேண்டும், அப்புறம் முட்டி போட வேண்டும். கடைசியில் டார்ச் வெளிச்சம் மட்டும்தான் முன்னால் போகும். இழைகளை ஒட்டி இறுக்கும் பிசினான ரெசினின் வாசனை, இழைத் தூசி, வெளியே காற்று உரசும் சத்தம். அந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று நினைத்ததே இல்லை.

இங்கே விக்காடோ என்று ஒரு விளையாட்டுத் திடல். கழற்றிப் போட்ட 5 இறக்கைகளை வெட்டி, இந்த ஊர்க் கட்டிடக் கலைக் குழு ஒன்று அமைத்தது. அந்தக் குழுவின் இன்றைய பெயர் சூப்பர்யூஸ் ஸ்டூடியோஸ். நடுவில் பந்து விளையாட இடம். சுற்றிலும் குகை போல ஊர்ந்து போகத் தோதாகச் சில துண்டுகளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். சிலவற்றைக் கோபுரம் போல நிமிர்த்தியிருக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் ஒரு துளைக்குள் புகுந்து இன்னொரு துளையில் தலை நீட்டினாள். நான் டார்ச்சோடு தவழ்ந்த அதே குழல்.

கூட வந்திருப்பவன் என் தம்பி. வேதியியல் படித்தவன், இறக்கையை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. ஓரிடத்தில் பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு தெரிந்தது. கை வைக்கப் போனான். "வெறும் கையால் தடவாதே, அரிப்பெடுக்கும்" என்றேன். உடைந்த கண்ணாடி இழை தோலில் ஏறினால் ரெண்டு நாளைக்குத் தூக்கம் வராது.

அவனுக்கு அந்த ஓரத்தைக் காட்டி விளக்கினேன். மேலே தாள் கனத்துக்குப் பூச்சு. அதன் கீழே புத்தகத்தின் பக்கங்களைப் போல நெருங்கி அடுக்கிய கண்ணாடி இழைத் துணிகள். நடுவில் எடையைக் குறைக்க பால்சா மரமோ ஃபோமோ. மறுபடியும் இழைத் துணி. எல்லாவற்றையும் ரெசின் ஊறி இறுக்கிப் பிடித்திருக்கும். இறக்கையின் நீளவாட்டில், நடுவில் மட்டும் இழை தடித்துப் போகும். பாரம் தாங்குகிற முதுகெலும்பு அதுதான், ஸ்பார் என்போம்.

"இதையெல்லாம் பிரிக்க முடியுமா அக்கா?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணமே. போன வருஷம் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பழைய ஆலைகளை இறக்கினார்கள். நல்ல இறக்கைகள். அவற்றில் பலதை என் கையால் பழுதுபார்த்திருக்கிறேன், எங்கே பலம், எங்கே பலவீனம் என்று எனக்குத் தெரியும். நடைபாலத்துக்கு வாங்கிக்கொள்ள ஒரு குழு முன்வந்தது. உள்ளே எத்தனை அடுக்கு, எந்த இழை, எந்த ரெசின் என்று அவர்கள் கேட்டார்கள். தயாரித்த நிறுவனத்துக்கு இரண்டு மாதம் எழுதினோம். பதில் வரவில்லை. ரம்பம் வந்தது. ஒரே நாளில் அத்தனையும் துண்டு துண்டாகப் போயின. அதை நின்று பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கிளம்புமுன் ஒரு கோபுரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். எங்கள் வேலையில் பழக்கம் அது: நாணயத்தாலோ சின்னச் சுத்தியலாலோ தட்டிக்கொண்டே போவோம். அடுக்குகள் ஒட்டியிருந்தால் கணீரென்று கேட்கும், பிரிந்திருந்தால் சத்தம் செத்துப்போகும். இது கணீரென்றுதான் கேட்டது.

இரண்டாம் நாள்: லேகர்டார்ஃப்

ஹாம்பர்க்கைத் தாண்டி வடக்கே வந்துவிட்டோம். ரயில் ஜன்னலில் வழி நெடுக ஆலைகள். அவற்றில் சில முதல் தலைமுறை ஆலைகள் என்பது பார்த்தவுடன் தெரிகிறது: கோபுரம் குட்டை, இறக்கை குட்டை, சுற்று வேகம். இவை எல்லாம் அடுத்த சில வருஷங்களில் இறங்கும்.

பொதுவாக ஒரு காற்றாலையின் எடையில் 85 முதல் 90 சதவீதம் வரை மறுசுழற்சிக்குப் போய்விடும். கோபுரம் எஃகு, ஜெனரேட்டரில் செம்பு, இரும்பு. பழைய இரும்புக்காரருக்கு அதில் சிரமமே இல்லை. மிஞ்சுவது இறக்கை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் என்ற ஊரின் குப்பை நிலத்தில், வெட்டிய இறக்கைகளை வரிசையாகக் கிடத்தி மண் தள்ளும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் வேலையைப் பற்றிச் சொன்னதும் ஆட்கள் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

ஜெர்மனியில் அப்படிப் புதைக்க முடியாது. ரெசின் போன்ற கரிமப் பொருள் அதிகமுள்ள கழிவை அப்படியே நிலத்தில் போட 2005 முதல் தடை. அதனால் இங்கே வேறு வழி தேடியே ஆக வேண்டியிருந்தது. அந்த வழி லேகர்டார்ஃப் என்ற இந்தச் சின்ன ஊரின் சிமெண்ட் ஆலைக்கு வந்து சேர்ந்தது. ஆலைக்குள் நாங்கள் போகவில்லை. ஊரின் ஓரத்தில் நின்றால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் குழி தெரிகிறது, அதற்கு அந்தப் பக்கம் ஆலை.

இறக்கையை வெட்டி, அரைத்து, மற்ற கழிவோடு கலந்து சூளைக்குள் விடுகிறார்கள். உள்ளே கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமெண்டாகும் கட்டி, உருவாவது ஏறக்குறைய 1,450 டிகிரியில். ரெசின் எரிந்து நிலக்கரியின் வேலையைக் கொஞ்சம் செய்கிறது. கண்ணாடி இழை என்பது அடிப்படையில் மணல், சுண்ணாம்பு, அலுமினா. சிமெண்டுக்கு வேண்டியதும் அவைதான். ஆக அதுவும் கிளிங்கரிலேயே கரைந்துவிடும், சாம்பல் என்று தனியாக எதுவும் மிஞ்சாது. இழையில் போரான் அதிகம் இருந்தால் சிமெண்டின் பலம் குறையும் என்பதால் கலவையை அளந்துதான் போட வேண்டும்.

தம்பிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒரு துளி வீணாகவில்லையே அக்கா" என்றான்.

நானும் இதைக் குறை சொல்ல மாட்டேன். மண்ணில் புதைப்பதைவிட எத்தனையோ மேல், அதுவும் இன்றைக்கே பெரிய அளவில் நடக்கிற வழி. ஆனால் ஒரு இழையை நூலாக இழுத்து, ஒரே திசையில் படியவைத்து, அந்தத் திசையில் எஃகுக்கு நிகரான இழுவிசை தாங்கும்படி செய்வதற்கு எவ்வளவு உழைப்பு! அந்தப் பலத்தை அரைத்து மணலாக்கித் திருப்பிக் கொடுக்கிறோம். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இழையைக் காப்பாற்ற, காற்றில்லாமல் சுட்டு ரெசினை ஆவியாக்கிவிடும் வழியும் உண்டு. அதில் இழை கிடைக்கும், ஆனால் அந்தச் சூட்டில் கண்ணாடி இழை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். சில இறக்கைகளில் இருக்கும் கார்பன் இழை அந்தச் சூட்டை ஓரளவு தாங்கும், விலையும் அதிகம், அதனால் அதற்கு இந்த வழி பொருந்தும்.

ராத்திரி டென்மார்க் போகும் ரயிலில் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள்: டாங்கே

இன்று பார்த்ததுதான் இதுவரை பார்த்ததில் மனசில் நின்றது.

யூட்லாந்தில், குடெனோ ஆற்றங்கரையில், பழைய நீர்மின் நிலையத்தை ஒட்டி டென்மார்க்கின் எரிசக்தி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கெட்சர் காற்றாலையின் தலைப்பகுதியும் இறக்கைகளும் இருக்கின்றன. யோஹான்னஸ் யூல் என்ற டேனிஷ் பொறியாளர் 1957-இல் கட்டிய ஆலை. 24 மீட்டர் விட்டம், 200 கிலோவாட். பெரிய பராமரிப்பு இல்லாமலே 1967 வரை ஓடியது. பிறகு எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் உலகம் மறுபடி காற்றைத் திரும்பிப் பார்த்தபோது, அளவீடுகள் எடுப்பதற்காக இதைத் திரும்ப ஓடவிட்டார்கள். மூன்று இறக்கை, காற்றை எதிர்கொண்டு நிற்கும் ஆலை என்று இன்று உலகமெங்கும் நாம் பார்க்கும் உருவத்துக்கு இதுவும் ஒரு மூதாதை.

நான் போனது அதன் இறக்கையைப் பார்க்க. உள்ளே எஃகுத் தண்டு. அதில் மரச் சட்டங்கள். மேலே அலுமினியத் தகடு. இறக்கைக்கு இறக்கை இழுத்துக் கட்டிய கம்பிகள். கிட்டப் போய் நின்றேன். தகடு ஒன்றோடொன்று சேரும் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம். ஸ்பானர், திருப்புளி, ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் நானே எஃகு தனி, மரம் தனி, அலுமினியம் தனி என்று மூன்று குவியலாக வைத்துவிடுவேன்.

அந்த நினைப்போடு அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன். பிரிக்க முடியாத பொருள் என்று நாம் இப்போது தலையில் கை வைத்துக்கொள்ளும் இதே இறக்கை, ஒரு காலத்தில் பிரிக்கக்கூடியதாகத்தான் இருந்தது!

ஏன் மாறியது? காரணம் நியாயமானதுதான். அதே 1957-இல் ஜெர்மனியில் உல்ரிஷ் ஹியூட்டர் என்ற பொறியாளர் 34 மீட்டர் விட்டமுள்ள ஆலைக்குக் கண்ணாடி இழையும் ரெசினும் கொண்ட இறக்கைகளைப் போட்டார். எடை குறைவு, துருப்பிடிக்காது, காற்று கேட்கும் வளைவை அப்படியே வார்த்துவிடலாம். ஒரு இறக்கை தன் ஆயுளில் பத்துக் கோடிக்கும் அதிகமான முறை வளைந்து நிமிரும். அத்தனை வளைவைத் தாங்குவதில் இந்தக் கலவைக்கு ஈடு சுலபத்தில் கிடைக்காது. கெட்சர் மாதிரிக் கட்டுமானத்தில் இன்றைய நீளத்தை எட்டியிருக்கவே முடியாது.

அதனால் பழையதுக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வியை அந்தத் தகட்டின் கோடு எனக்குள் கிளப்பிவிட்டது. யூல் இதைப் பிரிப்பதற்காக வடிவமைக்கவில்லை; அவர் கையில் இருந்த பொருட்கள் அப்படி. பொருள் மாறியபோது பிரிக்கும் வழியும் சேர்ந்தே போய்விட்டது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. இன்று வேண்டுமானால், வேண்டும் என்று நினைத்துத்தான் அதை உள்ளே வைக்க வேண்டும்.

இன்றைய இறக்கையில் எவற்றையெல்லாம் கோக்கிறோம் என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அடியில் ஹப்போடு பூட்டும் இடத்தில் எஃகுப் புதைகுழாய்கள், இழைக்குள்ளேயே ஒட்டியிருக்கும். நுனியிலிருந்து அடிவரை இடிதாங்கிக் கம்பி. இறக்கையின் இரண்டு பாதி ஓடுகளையும் சேர்க்கும் தடித்த பசை. விளிம்பில் பாலியூரித்தேன் பூச்சு. பால்சா, ஃபோம், இழை, சிலவற்றில் கார்பன். எல்லாம் ஒரே உடம்பாக இறுகிக் கிடக்கும். கம்பியையாவது உருவி எடுக்கும்படி குழலுக்குள் விட்டால் என்ன? ஃபோமுக்கு ஒரே வகைப் பிளாஸ்டிக் போதாதா? இப்படிச் சின்னச் சின்ன முடிவுகள்தான். இறக்கையை வார்க்கும் நாளில் இதற்கெல்லாம் பெரிய சிரமம் இல்லை. 25 வருஷம் கழித்து ரம்பத்தோடு நிற்பவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு முழு நாள் வேலை.

நான்காம் நாள்: ஆல்போர்க்

துறைமுகப் பகுதியில் முதலில் பார்த்தது ஒரு சைக்கிள் நிறுத்தம். கூரை, பக்கச் சுவர் எல்லாமே ஒரு இறக்கையின் ஒற்றைத் துண்டு. வளைவு அப்படியே மழைக்குக் குடை பிடித்தது போல இருக்கிறது. உள்ளே நின்று மேலே பார்த்தால் என் பழைய வேலையிடம்தான், கதவு மட்டும் பெரிசு.

ஆனால் இந்த ஊருக்கு வந்த காரணம் வேறு. சீமென்ஸ் கமேசா என்ற காற்றாலை நிறுவனத்தின் இறக்கைத் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. 2021-இல் 81 மீட்டர் நீளத்தில், ரெசினைக் கரைத்துப் பிரிக்கக்கூடிய முதல் 6 இறக்கைகளை வார்த்தது இங்கேதான். அந்த வகை இறக்கைகள் அடுத்த வருஷமே ஹெலிகோலாந்து தீவுக்குப் பக்கத்தில் காஸ்காசி கடல் காற்றாலைப் பண்ணையில் ஏறின.

தண்ணீரைப் பார்த்தபடி ஒரு திண்டில் உட்கார்ந்தோம். இன்று தம்பியின் முறை. கையைக் காட்டிக் காட்டி விளக்கினான்.

"மெழுகை எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கி வார்க்கலாம், இல்லையா? இறக்கைக்குப் போடும் எபாக்சி ரெசின் அப்படி இல்லை அக்கா. ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கை கோத்து வலையாகிவிடும். சூடாக்கினால் உருகாது, கருகும். இவங்க மாற்றியது ஹார்டனரை மட்டும். அந்தக் கையில் ஒரு பலவீனமான மணிக்கட்டு வைத்திருக்காங்க. காற்று, மழை, வெயில் எதுவும் அதைத் தொடாது. மிதமான அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் மட்டும் அந்த மணிக்கட்டு விட்டுவிடும். வலை அவிழ்ந்து சாதாரணப் பிளாஸ்டிக் மாதிரி கரைசலில் இறங்கிவிடும். இழை, மரம், ஃபோம், உலோகம் எல்லாம் மிஞ்சும்."

இரண்டாம் நாள் நான் வருத்தப்பட்டதற்கு இதில் பதில் இருக்கிறது. கொளுத்தும் சூடு இல்லாததால் இழையின் பலம் பெரிதாகக் கெடாது. இன்னொரு நல்ல விஷயம், வார்க்கும் அச்சான மோல்டு அதே, வார்க்கும் முறையும் கிட்டத்தட்ட அதே. தொழிற்சாலையைத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை.

இதே நோக்கத்தில் வேறு பாதைகளும் உண்டு. பிரான்சின் ஆர்கெமா நிறுவனம் தயாரிக்கும் எலியம் என்ற ரெசின் சூட்டில் உருகக்கூடிய வகை. அதை வைத்து 2022-இல் ஸ்பெயினின் பொன்ஃபெராடாவில் 62 மீட்டர் இறக்கை ஒன்றை வார்த்தார்கள். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் தாவரச் சர்க்கரையிலிருந்து ஒரு ரெசின் செய்து 9 மீட்டர் இறக்கை வார்த்துக் காட்டியது, 2024-இல். அதை மெத்தனாலில் சூடாக்கினால் சில மணி நேரத்தில் பிரிந்துவிடுமாம்.

தம்பிக்கு இந்த மூன்றில் சர்க்கரை ரெசின்தான் பிடித்தது. எனக்குக் கடலில் ஏறிவிட்ட இறக்கைதான் பிடித்தது. ஆய்வகத்தில் பிரிவது ஒன்று, 20 வருஷம் உப்புக்காற்றில் பிரியாமல் இருப்பது இன்னொன்று. அந்த இரண்டாவது பரீட்சையை அது எழுதிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் நாள்: ஓஸ்டரில்

காலையிலிருந்து மழை. சாய்ந்து அடிக்கிற மழை.

வடமேற்கு யூட்லாந்தில் இது பெரிய ஆலைகளைச் சோதிக்கும் தேசிய மையம். ஒரே வரிசையில் நிற்கின்றன, மேகத்துக்குள் நுனி மறைந்து மறைந்து வருகிறது. டேனிஷ் காற்றாலை நிறுவனமான வெஸ்டாஸ் தன் 15 மெகாவாட் ஆலையின் முன்மாதிரியை 2022 கடைசியில் இங்கேதான் நிறுத்தியது. அதன் ஒரு இறக்கை 115.5 மீட்டர். டென்மார்க்கின் விண்டெபியில் 1991-இல் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையில் ஏறிய இறக்கைகள் ஏறக்குறைய 17 மீட்டர்தான் இருந்தன.

பார்க்க அதிகம் இல்லை, மழையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஆனால் மழையைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். இறக்கையின் நுனி வினாடிக்கு 80, 90 மீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் ஒரு மழைத்துளி மோதுவது சின்னச் சுத்தியல் அடி. வருஷக்கணக்கில் அடி வாங்கி முன்விளிம்பு கரையும். முதலில் ஊசித் துளைகள், பிறகு குழிகள், பிறகு பூச்சு உரிந்து இழையே வெளியே தெரியும். என் வேலையில் பாதி அதை இழைத்து, நிரவி, மறுபடி பூசுவதுதான்.

பிரியக்கூடிய ரெசினில் இறக்கை செய்யலாம் என்றதும் எனக்கு முதலில் வரும் கேள்வி இதனால்தான்: அதை நான் பழுதுபார்க்க முடியுமா? என் கையில் இருக்கும் ஒட்டு ரெசின் அதோடு பிடிக்குமா? நான் போட்ட ஒட்டு, கடைசியில் அமிலத்தில் கரையாமல் கட்டியாக நிற்குமா? பிரிப்பதற்கு வடிவமைப்பவர்கள் பழுதுபார்ப்பவரையும் அழைத்துப் பேச வேண்டும். ஒரு இறக்கை 5 வருஷம் கூடுதலாகச் சுற்றினால், அதைவிடப் பெரிய மறுபயன்பாடு வேறு இல்லை.

துணி காயவில்லை. நாளை ஆர்ஹுஸ்.

ஆறாம் நாள்: ஆர்ஹுஸ்

இனி வார்க்கப்போகும் இறக்கைக்குப் புது ரெசின் சரி. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவை?

அதற்கான ஒரு பதில் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 2023-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியானது. சாதாரண எபாக்சியையே ருத்தேனியம் வினையூக்கி வைத்து, 160 டிகிரியில் பிணைப்பை அறுத்து, இழையையும் எபாக்சியின் மூலப்பொருளான பிஸ்பீனால் ஏ-வையும் தனித்தனியே எடுத்துக் காட்டினார்கள். உண்மையான ஒரு இறக்கைத் துண்டிலேயே செய்தார்கள். ருத்தேனியம் விலை உயர்ந்த உலோகம், வேலையும் நாள்கணக்கில் இழுக்கும். பல்கலைக்கழக வளாகத்தில் நடந்துகொண்டே தம்பி அந்த வினையை மூன்று தடவை விளக்கினான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகவே கேட்டேன். வெஸ்டாஸும் அதே வருஷம், பழைய எபாக்சி இறக்கைகளை ரசாயன முறையில் பிரிக்கும் வழி கிடைத்திருப்பதாக அறிவித்தது. இந்தப் பல்கலைக்கழகமும் அதில் பங்காளி.

எனக்கு இன்று கிடைத்த பொக்கிஷம் வேறு. சாதாரணமான ஒரு படிவம்.

டென்மார்க்கில் டீகாம்பிளேட்ஸ் என்ற கூட்டுத் திட்டம் 2021 முதல் நடந்தது. காற்றாலை நிறுவனங்கள், கழிவு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் என்று 10 பங்காளிகள். இறக்கைகளை எப்படி வெட்டுவது, எப்படிச் சுமப்பது, எங்கே அனுப்புவது என்று பார்த்தார்கள். அதில் பிறந்ததுதான் இறக்கைக்கான பொருள் பாஸ்போர்ட். இறக்கையில் என்ன பொருள், எவ்வளவு எடை, எந்தப் பகுதியில் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுக்கும் படிவம்.

ராத்திரி அறையில் உட்கார்ந்து இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். போன வருஷம் எங்கள் கையில் இப்படி ஒரு தாள் இருந்திருந்தால்! கார்பன் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் வெட்டினால், அந்தத் தூசி மின்சாரத்தைக் கடத்தும், ரம்பத்தின் மோட்டாரையே சுட்டுவிடும். பால்சா எவ்வளவு என்று தெரியாவிட்டால் சிமெண்ட் ஆலைக்காரருக்குக் கணக்கு தப்பும். அடுக்கின் விவரம் இல்லையென்றால் பாலம் கட்டுபவர் பாரத்தைக் கணக்கிடவே முடியாது.

"ரெசினை விட இது பெரிய கண்டுபிடிப்பு என்கிறாயா அக்கா?" என்று கேட்டான், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஆமாம் என்றுதான் சொன்னேன். ரெசின் பிரிந்தாலும் பிரியாவிட்டாலும், என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதுவும் செய்ய முடியாது. என்னைக் கேட்டால் பொருள் பட்டியலோடு நிற்கக்கூடாது, வாழ்க்கைக் குறிப்பும் சேர வேண்டும். எத்தனை இடி விழுந்தது, எங்கே விரிசல் வந்தது, யார் எப்போது என்ன ஒட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு பழுதுக்கும் நாங்கள் படம் எடுத்து அறிக்கை எழுதுகிறோம். ஆலை கைமாறும்போது அந்த அறிக்கைகள் எங்கேயோ தொலைந்துவிடுகின்றன. அவை அந்த இறக்கையோடேயே போக வேண்டும்.

ஏழாம் நாள்: மிடில்டன், கார்க் மாவட்டம்

டப்ளின் வழியாக அயர்லாந்து வந்து, வாடகை சைக்கிளில் பாலம் தேடிப் போனோம்.

மிடில்டனிலிருந்து யாவல் வரை, பழைய ரயில் பாதை ஒன்றை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றியிருக்கிறார்கள். வழியில் ஒரு சின்ன ஓடை. அதன் மேல் இறக்கைப் பாலம். 2022 ஜனவரியில் வைத்தார்கள். கட்டியது ரீவிண்ட் என்ற குழு: அயர்லாந்து, வட அயர்லாந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்தது. பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த, ஏறக்குறைய 14 மீட்டர் நீளமான பழைய இறக்கைகள்.

சின்னப் பாலம்தான். ஓடையைத் தாண்டும் அகலம் 5 மீட்டர் அளவு. சைக்கிளில் வேகமாக வந்தால் கவனிக்காமலே கடந்துவிடலாம், நாங்களும் முதலில் கடந்துதான் போனோம். திரும்பி வந்து நிறுத்தினோம். பாதையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இறக்கை. அவைதான் உத்தரம், அவைதான் கைப்பிடிச் சுவர். இரண்டுக்கும் நடுவே எஃகுக் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் தளம்.

கரையில் இறங்கி, அடியில் குனிந்து பார்த்தேன். குறுக்குச் சட்டத்தை இறக்கையோடு போல்ட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். துளை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால், எனக்குத் தெரிந்த அந்தத் தடித்த முதுகெலும்பில். சும்மா அங்கே துளைத்துவிட முடியாது. இந்தக் குழுவுக்கும் வரைபடம் கிடைக்கவில்லை. அதனால் இறக்கையின் உருவத்தை லேசர் வைத்து அளந்தார்கள். துண்டுகளை வெட்டி, ரெசினை எரித்து, மிஞ்சிய இழையை அடுக்கு அடுக்காக எண்ணினார்கள். வெட்டிய துண்டுகளை உடையும்வரை வளைத்துச் சோதித்தார்கள். அப்புறம்தான் பாலம். ஒரு தாளில் இருந்திருக்க வேண்டியதைப் பல பேர் உழைத்துத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மின்கம்பி தாங்கும் கம்பமாக இறக்கையை நிறுத்தும் வடிவமும் இவர்களிடம் இருக்கிறது. யோசித்தால் அது இறக்கைக்கு ரொம்பப் பொருத்தமான வேலை. அடி தடித்து நுனி மெலிந்தது, காற்றில் வளைந்து நிமிரப் பிறந்தது, மின்சாரம் கடத்தாதது. கார்பன் இல்லாத இறக்கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் அந்தப் படிவம் வேண்டும்.

எங்கே வெட்டலாம், எங்கே துளை போடலாம் என்று வார்க்கும்போதே உள்பக்கம் ஒரு கோடு வரைந்து வைத்தால் போதும் என்று தம்பியிடம் சொன்னேன். மோல்டில் இருக்கும்போது ஒரு பேனாக் கோடு. இங்கே அதற்குப் பதில் வருஷக்கணக்கில் சோதனை.

பையில் ஒரு நாணயம் இருந்தது. இடப்பக்க இறக்கையின் அடியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன், கையகலம் விட்டுக் கையகலம். தம்பி காதை வைத்துக் கேட்டுக்கொண்டே கூட நடந்தான். கணீர், கணீர், கணீர். போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் கூடுதலாக மெல்லத் தட்டினேன். அங்கேயும் சத்தம் சாகவில்லை.

ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, ஏதாவது கோளாறா என்று கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறது என்றேன். இது காற்றாலை இறக்கை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் இந்த வழியாகத்தான் வருகிறாராம். நாணயத்தை வாங்கி அவரும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு ஏறி மிதித்துப் போனார். சக்கரம் தளத்தில் உருண்ட அதிர்வு, இறக்கையில் வைத்திருந்த என் உள்ளங்கைக்கு வந்தது.